வலையைக் கண்டு நடுங்கியவர்

குழந்தைகளே, விடியற்காலையில் பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? புதுச்சேரிக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது அந்த மீனவ கிராமம். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று வந்துவிடும்.

இரவில் கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறும். வலையைப் பிரித்துப் போட்டால் மீன்கள் மணலில் விழும். சில அப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும். வாயைத் திறந்து திறந்து மூடும். சுற்றி நிற்கும் குட்டிகளில் யாராவது ஒருவர், மீனுக்கு வலிக்குமா என்று கேட்டுவிடுவார். பெரியவர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பாவம், அவர்களுக்கு ஏலம் முடிய வேண்டும், படகுக்கு டீசல் போட்ட கடனை அடைக்க வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

குட்டிகள் கேட்கும் இந்தக் கேள்வியை வயதான பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் உண்டு. பொம்மையார்பாளையத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாகப் பேருந்தில் போனால் வடலூர் என்று ஓர் ஊர் வருமே, அந்த ஊரால் அவரையும், அவரால் அந்த ஊரையும் நாம் அறிவோம். அவர்தான் வள்ளலார் என்று எல்லோரும் அழைக்கும் ராமலிங்க அடிகள்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர் என்ற சின்ன கிராமம். அங்கே ராமையா பிள்ளை கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது குழந்தையாக 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி பிறந்தவர் ராமலிங்கம். குழந்தை தவழ்வதற்குள் அப்பா இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்மா முதலில் பொன்னேரிப் பக்கம் இருந்த தம் பிறந்த ஊருக்குப் போனார். பிறகு சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு பகுதியில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ஒரு வீட்டில் குடியிருந்தார்கள்.

மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியும் நன்றாகப் படித்து வேலைக்குப் போனால் பாரம் குறையும் என்று நினைத்தார். அதில் தவறென்ன? ஆனால் தம்பியோ பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு கந்தகோட்டம் முருகன் கோயிலில் போய் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். பாடம் சொல்லிக் கொடுத்த காஞ்சிபுரம் சபாபதி முதலியார், இந்தப் பையனுக்கு நாம் கற்பிக்க ஒன்றும் இல்லை என்று கைவிட்டதாகச் சொல்வார்கள்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பிக்கு வீட்டில் சோறு போடக் கூடாது, நல்ல துணி கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்திக்கு மனசு கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரத்தில் கொழுந்தனைக் கூப்பிட்டு யாருக்கும் தெரியாமல் சாப்பாடு போடுவார். ஒரு நாள் வீட்டில் அப்பாவின் திதி. உறவினர்கள் எல்லோரும் உட்கார்ந்து வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டுப் போனார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் நேரம் கழித்துத் திருட்டுத்தனமாக வந்து சாப்பிட்டான். அதைப் பார்த்து அண்ணி அழுதுவிட்டார். அந்தக் கண்ணீருக்காகவே இனி வீட்டோடு இருந்து படிப்பதாகப் பையன் ஒப்புக்கொண்டானாம்.

மாடியில் ஓர் அறை கிடைத்தது. கண்ணாடி ஒன்றும் விளக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடியில் திருத்தணி முருகனே தெரிந்தார் என்பது அவருடைய அன்பர்கள் சொல்லும் வரலாறு. ஒரு சமயம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, அவருக்குப் பதிலாகப் போய் பெரியபுராணத்தைப் பற்றிப் பேசினார் இந்தச் சின்னத் தம்பி. கூட்டம் அசந்துபோனது. அதற்குப் பிறகு அண்ணன் அவரைக் கண்டிக்கவே இல்லை.

பசித்த வயிற்றோடு தெருவில் திரிவது எப்படி இருக்கும் என்பது அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வளர்ந்த பிறகு ராமலிங்கம் பாடல் எழுதினார், பழைய நூல்களைப் பதிப்பித்தார், மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற பெரிய படிப்பாளிகள் அவருக்குச் சீடர்கள் ஆனார்கள். 1850-இல் உறவுப் பெண்ணான தனக்கோடியைத் திருமணம் செய்து வைத்தார்கள். ஆனால் அவர் மனம் குடும்ப வாழ்க்கையில் ஒட்டவில்லை.

1854-இல் அவர் ஓர் உரைநடை நூல் எழுதினார். பெயர் மனுமுறை கண்ட வாசகம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆட்சி. இளவரசன் வீதிவிடங்கன் தேரில் போகிறான். துள்ளி ஓடிவந்த கன்று ஒன்று சக்கரத்தில் சிக்கிச் செத்துவிடுகிறது. தாய்ப்பசு கண்ணீர் வழிய அரண்மனைக்கு வந்து, கொம்பினால் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்துகிறான். கடைசியில் சிவபெருமான் அருளால் எல்லோரும் பிழைக்கிறார்கள்.

நம்மில் பலர் இதை அரசனின் நீதியைப் பற்றிய கதையாகவே படித்துவிடுகிறோம். கொஞ்சம் பசுவின் பக்கம் திரும்பிப் பாருங்களேன். பசுவுக்குத் தன் கன்று போனது தெரிகிறது. அழுகிறது. அந்த அழுகையை அரசன் ஒரு மனிதத் தாயின் அழுகையைவிடக் குறைத்து மதிப்பிடவில்லை. வள்ளலாரை இந்தக் கதை ஏன் பிடித்துக்கொண்டது என்பது இப்போது புரிகிறதா? அவர் எழுதிய நூலில் அரசன், இப்படியொரு துன்பம் வர நான் என்ன பாவம் செய்தேனோ என்று புலம்பி, ஒரு நீண்ட பட்டியலே போடுகிறான். பிறர் மனதை நோகடித்தது, கூலி கொடுக்காமல் ஏமாற்றியது போன்ற பாவங்களோடு, கன்றுக்குப் பால் விடாமல் கட்டிப்போட்டதும், மாமிசம் தின்று உடம்பை வளர்த்ததும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

சென்னையின் சந்தடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1858-இல் ஊரைவிட்டுக் கிளம்பிக் கோயில் கோயிலாகப் போய், சிதம்பரம் வந்து சேர்ந்தார். பிறகு வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற ஊரில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஒன்பது வருடங்கள் அங்கேதான் வாசம். ஓர் இரவு எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விளக்கெரித்தார், அது விடிய விடிய எரிந்தது என்ற கதை இந்த வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படுவதுதான். தலையோடு வெள்ளைத் துணியால் போர்த்திக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அதிர்ந்து பேசாமல் நடப்பாராம். நாம் காலண்டர்களில் பார்க்கும் படமும் அப்படித்தானே இருக்கிறது?

காய்ந்த பயிரைப் பற்றி அவர் பாடிய பாட்டை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதனால் அதை விட்டுவிட்டு, அவ்வளவாக யாரும் சொல்லாத வேறொன்றைச் சொல்கிறேன்.

திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுவதுபோல இறைவனிடம் அவர் பேசுவது. எதற்கெல்லாம் பயந்தேன் என்று அதில் கணக்குச் சொல்கிறார். பருந்தின் குரல் கேட்டால் நெஞ்சு குலைந்துபோகுமாம். யாராவது ஓர் உயிரைக் கொல்லத் தொடங்கினால் அச்சம், அது துடிப்பதைக் கண்டால் தானும் துடிப்பு. ஊர்த் திருவிழாவில் ஆடு, பன்றி, கோழி, கடா எல்லாவற்றையும் பலி கொடுக்க அலங்காரமாக ஓட்டிப்போவதைப் பார்த்து உள்ளம் நடுங்கினாராம். அப்படிப் பலி வாங்கும் கோயில்களைக் கண்டாலே பயமாக இருந்ததாம். இன்னொன்றும் சொல்கிறார். மீன் பிடிக்கும் வலை, தூண்டில், பறவைகளுக்கு வைக்கும் கண்ணி, இவற்றைப் பார்த்தபோதெல்லாம் நடுங்கினாராம்.

கவனித்தீர்களா? வலையில் மீன் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சும்மா காயப்போட்டிருக்கும் வலையைப் பார்த்தாலே, அதில் இனிமேல் மாட்டப்போகும் உயிர் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் சில பேர் இதை மிகையான பயம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் விஞ்ஞானிகள் பின்னாளில் இதே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ட்ரவுட் வகை மீன்களின் உதட்டில், வினிகரில் இருக்கும் அமிலத்தைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். அந்த மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. வலி குறைக்கும் மருந்து கொடுத்ததும் அந்தத் தேய்ப்பு குறைந்தது. 2012-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடிய மூளை ஆராய்ச்சியாளர்கள், பாலூட்டிகள், பறவைகள், ஆக்டோபஸ் போன்ற உயிர்களுக்கும் உணர்வு நிலைக்கு வேண்டிய உறுப்பு அமைப்பு இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அறிவித்தார்கள். மீனுக்கு வருவது நம்முடையது மாதிரியான வலிதானா என்பதில் எல்லா விஞ்ஞானிகளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கடற்கரையில் நின்று குட்டிகள் கேட்பது சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை என்பது நிச்சயம்.

சரி, உங்களில் குறும்புக்காரர் ஒருவர் கையைத் தூக்குவது தெரிகிறது. கீரையும் கத்தரிக்காயும் உயிர் இல்லையா, அதைச் சாப்பிடலாமா என்றுதானே?

வள்ளலாரையும் அப்படிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் நூலில் அவரே அந்தக் கேள்வியை எழுப்பி, பதிலும் எழுதியிருக்கிறார். செடி கொடிகளுக்கும் உயிர் உண்டு, ஆனால் அவை ஓரறிவு உயிர்கள், விலங்குகளைப்போல மனம் வளர்ந்தவை இல்லை என்கிறார். நாம் எடுத்துக்கொள்வது விதை, காய், கனி, இலை ஆகியவை. செடியை வேரோடு பிடுங்கவில்லை. நம் நகத்தையும் முடியையும் வெட்டினால் நமக்கு வலிக்கிறதா? அதுபோலத்தான் இது என்று விளக்குகிறார். எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் உண்டு, சொல்லிவிடுகிறேன். முள்ளங்கியையும் கேரட்டையும் வேரோடுதானே பிடுங்குகிறோம்? உங்கள் வீட்டில் சாப்பிடும்போது இதைப் பேசிப் பாருங்கள். நல்ல வாக்குவாதமாக இருக்கும்.

இப்போது முன்பு ஞாபகம் வைக்கச் சொன்னதற்கு வருவோம். பசி.

1866-இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். அடுத்த ஆண்டு, 1867 மே 23-ஆம் தேதி, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார் வள்ளலார். அதற்காக அந்த ஊர் மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஏக்கர் கணக்கில் நூறுக்கும் மேல்! யார் பசி என்று வந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்தில் உட்காருகிறவர் என்ன சாதி என்று பார்த்து எழுந்து போகிற காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசியைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், பட்டினி கிடந்தவர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். பசி வந்தால் கண் எப்படிப் பஞ்சடைகிறது, காது எப்படி அடைக்கிறது, நாக்கு எப்படி வறள்கிறது, கை கால் எப்படித் தளர்கிறது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சாப்பிட்டதும் அதே முகம் எப்படி மலர்கிறது என்றும் எழுதுகிறார். மனிதர்களோடு நிறுத்தவில்லை. விலங்குக்கும் பறவைக்கும் ஊர்ந்து போகிற பிராணிக்கும் பசி உண்டு, அதையும் தீர்க்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்கிறார்.

1872 ஜனவரி 25, தைப்பூச நாள். தருமச்சாலைக்குப் பக்கத்தில் அவர் கட்டிய சத்திய ஞான சபையில் முதல் பூசை நடந்தது. எட்டுப் பக்கம் கொண்ட கட்டடம் அது. உள்ளே கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு வண்ணம் என்று ஏழு திரைகள். அவற்றுக்குப் பின்னால் ஜோதி. அந்தச் சபையின் வாசலில் ஒரு கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. உயிர்க்கொலையையும் மாமிசம் சாப்பிடுவதையும் விட்டவர்கள்தான் உள்ளே வரலாம் என்பது அதன் பொருள்.

இதைக் கேட்டால் பொம்மையார்பாளையத்துப் பிள்ளை ஒருவனுக்கு முகம் வாடிப்போகாதா? அவன் அப்பா வலை போடுகிறவர். அந்த மீனை விற்றுத்தான் அவனுக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்குகிறார்கள். அம்மா வைக்கும் மீன் குழம்பைவிட அவனுக்குப் பிடித்தது வேறு இல்லை. அந்த வலையைக் கண்டு நடுங்கிய பெரியவருக்கு அவனும் அவன் அப்பாவும் வேண்டாதவர்களா?

இந்தக் கேள்வியை வள்ளலார் ஒதுக்கிவிடவில்லை. கொலையையும் மாமிசத்தையும் விட்டவர்களை அக இனத்தார் என்றும், விடாதவர்களைப் புற இனத்தார் என்றும் அவர் பிரித்தது உண்மைதான். பிரித்த அதே கையோடு, புற இனத்தாருக்கும் பசி வந்தால் அதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று சொன்னார். தம் வழிபாட்டு முறைகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அவர் அவசரப்படவில்லை. சோற்றுக்கு மட்டும் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. சபை வாசலில் இருக்கும் கட்டளை தருமச்சாலை வாசலில் கிடையாது.

அதற்காக அவர் மாமிச விஷயத்தில் இறங்கி வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் பசியைத் தீர்க்க இன்னோர் உயிரைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு அவர் பதில், கூடவே கூடாது என்பதுதான். எனக்குத் தெரிந்து, இவ்வளவு கண்டிப்பும் இவ்வளவு தாராளமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம்.

1870-இலேயே அவர் வடலூரை விட்டு மேட்டுக்குப்பத்தில் இருந்த ஒரு சிறிய வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குச் சித்திவளாகம் என்று பெயர் வைத்தார். 1873 அக்டோபரில் அங்கே கொடி ஏற்றி, அன்பர்களுக்கு நீண்ட உபதேசம் ஒன்று செய்தார். 1874 ஜனவரி 30-ஆம் தேதி இரவு தம் அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் ஜோதியில் கலந்துவிட்டார் என்று அன்பர்கள் நம்புகிறார்கள். அப்போது அவருக்கு வயது 50.

அவர் பார்த்து நடுங்கிய உயிர்ப்பலியைப் பற்றி ஒரு தகவல். 1950-இல் சென்னை மாகாணத்தில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். நெடுங்காலம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003-இல் அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது, இது எங்கள் குலதெய்வ வழக்கம் என்று கிராமங்களில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 2004-இல் சட்டத்தையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2021-இல் தமிழக அரசு, வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஆம் தேதியைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது.

தைப்பூசத்தன்று வடலூரில் கால் வைக்க இடம் இருக்காது. ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். நீங்கள் போனால் சபையைப் பார்த்த கையோடு தருமச்சாலைக்கும் போங்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. சுமார் 21 அடி நீளம் உள்ள பெரிய கோட்டை அடுப்பு. பந்தியில் இடம் கிடைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, நேற்று என்ன குழம்பு என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அடுத்த பந்திக்கான உலை கொதிக்கத் தொடங்கியிருக்கும்.